பாம்பு பழிவாங்குச்சுன்னா ஊரே சிரிக்குது: நம்மூருல இயற்கை த்ரில்லர் குறும்படம் எடுக்கறது எப்படி

மூணு வருசத்துக்கு முன்னாடி நாங்க நாலு பேரு சேந்து ஒரு குறும்படம் எடுத்தோமுங்க. ஒருத்தன் பாம்புப்புத்த இடிச்சுப்போட்டு வீடு கட்டறான், பாம்பு வந்து வீட்ல இருக்கறவங்கள வரிசையா போடுது, அவ்ளோதான் கதை. பாம்பை கம்ப்யூட்டர்ல வரையறதுக்கே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. மாரியாத்தா நோம்பிக்கு கோயில் முன்னாடி வெள்ளை வேட்டி கட்டி புரொஜெக்டர்ல போட்டோம். பாம்பு படமெடுத்து ஹீரோவை மொறைக்கற எடத்துல ஒட்டுமொத்த ஊரும் சிரிச்சுது. சின்னப்பசங்க சிரிச்சா பரவால்ல, பூசாரியே சிரிச்சாருங்க. எங்க அம்முச்சி (அம்மாவோட அம்மா) வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டது: "பாம்புக்கு வேற சோலி இல்லையா சாமி, இவன் அட்ரஸை எழுதி வெச்சுக்கிட்டா தேடிட்டு வருது?"

அந்த ஒரு கேள்விக்கு பதில் தேடித்தான் அப்புறம் இயற்கை மனுசனைத் திருப்பி அடிக்கற மாதிரிப் படமா ஒக்காந்து பாத்தேன். இப்ப ரெண்டாவது படத்தோட வேலை ஓடிட்டு இருக்குது. அதுல கத்துக்கிட்டதை எல்லாம் கொட்டி வெக்கறேன், யாராச்சும் எடுக்கறதா இருந்தா ரெண்டு மாசம் மிச்சமாகும்.

மொதல்ல தப்பைப் புடிங்க, மிருகம் தானா வரும்

எழுத உக்காந்த ஒடனே எல்லாரும் கேக்கறது "என்ன மிருகம் வெக்கலாம்?". யானையா, முதலையா, தேனீயான்னு அங்கயே ஒரு மணி நேரம் போயிரும். விட்ருங்க. மொதல்ல வேணுங்கறது ஒரு தப்பு, அதுவும் பாக்கறவன் அவனே போன வாரம் செஞ்ச மாதிரி, செய்யறப்ப தப்புன்னே தோணாத மாதிரி ஒண்ணு. கொரியாக்காரர் போங் ஜூன் ஹோ 2006ல எடுத்த 'தி ஹோஸ்ட்'ல ஆத்துக்குள்ளருந்து பெரிய பூதம் ஒண்ணு வரும், ஆனா எனக்கு வயித்தக் கலக்குனது மொத சீனுதான். அமெரிக்க ராணுவ முகாம்ல ஒரு ஆபீசரு, பாட்டில் மேல தூசி படிஞ்சு கெடக்குதுன்னு ஃபார்மால்டிஹைடை எல்லாம் சிங்க்ல ஊத்தச் சொல்றாரு. கூட இருக்கற ஆளு இது ஆத்துக்குத்தானே போகும்னு தயங்கறான், அவரு ஆறு எவ்ளோ அகலம்னு பாருங்கற மாதிரி சொல்லிட்டு போயிருவாரு. 2000ல சியோல்ல நெசமாவே அப்படி ஊத்துன கேஸ் ஒண்ணு இருக்குது, அதுலருந்து எடுத்ததுதான். பூதத்தை மறந்தாலும் அந்த தூசி பாட்டில் மறக்காது.

"ஆறு பெருசு தானே". இந்த வசனத்தை நம்ம நொய்யல் கரைல எத்தனை பேரு சொல்லியிருப்பாங்கன்னு நெனைச்சுப் பாருங்க. வெள்ளியங்கிரி மலைல பொறந்து கோயமுத்தூரு, திருப்பூரு தாண்டி காவேரில சேர்ற ஆறு. 1992ல ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு அணை கட்டுனாங்க, வந்து நின்னது சாயத்தண்ணி, கடைசில அணையத் தொறந்து விடாதீங்கன்னு வெவசாயிகளே கெஞ்சற நெலமை வந்துச்சு. 2011 ஜனவரில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. இதை அப்படியே படமா எடுத்தா முதலாளி வில்லன், வெவசாயி ஹீரோன்னு டக்குனு எழுதிரலாம். ஆனா பாருங்க, எங்கப்பா பனியன் கம்பெனில செக்கிங் பாத்த சம்பளத்துலதான் நான் காலேஜ் படிச்சேன். அந்தப் பக்கம் ஆத்தோரத்துல எங்க சித்தப்பா தென்னை காஞ்சு நின்னுது. ஒரே வீட்ல ரெண்டு பக்கமும் இருக்குதுங்க. இந்தக் கசப்பு கதைக்குள்ள இருந்தாத்தான் சுருக்குன்னு குத்தும், இல்லாட்டி அது சுற்றுச்சூழல் தின கண்காட்சி ஆயிரும்.

இதுல இன்னொண்ணு மாட்டுது. தண்ணிய கெடுத்தவன் மேல, அடி வாங்கறவன் கீழ. நெசத்துல எப்பவுமே தப்பான ஆள் மேலதான் விழுகுது. சினிமால மட்டும் சரியா அந்த கெட்டவனையே தேடிப் புடிச்சு முதலை கடிக்கும். 1978ல வந்த ஆஸ்திரேலியப் படம் 'லாங் வீக்எண்ட்' இந்த விசயத்துல கெட்டிக்காரப் படம், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு கடலோரத்துக்கு கூடாரம் போடப் போறாங்க, போற வழில சிகரெட்டை வெளிய எறியறது, கங்காருவை வண்டில அடிக்கறது, சும்மா ஒரு மரத்த கோடாலில கொத்தறதுன்னு சில்லறைத் தப்பா சேத்துக்கிட்டே போவாங்க. தப்பும் அவங்களோடது, அடியும் அவங்களுக்கே, வெளிய ஆளே இல்ல. மொதத் தடவை எடுக்கறவங்களுக்கு இந்த மாதிரி சின்ன வட்டம்தான் நல்லது.

எங்க ஸ்கிரிப்ட்டையே சொல்றேன்

எங்க ஊர்ல ஒரு இட்டேரி இருந்துச்சு. தெரியாதவங்களுக்கு, ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவுல வண்டித்தடம், அதுதான் இட்டேரி. வேலின்னா கம்பி இல்லீங்க, கிளுவை, கள்ளி, அது மேல பெரண்டை, கோவக்கொடி. அதுக்குள்ள ஓணான், கீரி, சாரப்பாம்பு, காடை, ஆந்தைன்னு ஒரு ஊரே குடியிருக்கும். அதை சைட்டு போடறதுக்காக ஜேசிபி விட்டு ஒன்றரை நாள்ல வழிச்சாங்க. இதுதான் கதையோட மொத சீனு.

சைட்டு போட்ட மாமா நல்ல மனுசன். பொண்ணு கல்யாணத்துக்காக நெலத்த வித்தாரு. மொத வீடு கட்டி குடி வந்தவங்க புதுசா கல்யாணம் ஆன ஜோடி, பேங்க் லோனு, வாசல்ல கறுப்பு கலர்ல பளபளன்னு காரு, அதுக்கும் லோனு. வீட்டுக்காரன் ஒரே ஒரு தப்புதான் பண்றான், பின்னாடி மிச்சமிருந்த பத்தடி வேலியையும் "பூச்சி பொட்டு வரும், எடுத்துருங்க மாமா"ங்கறான். அவ்ளோதான்.

இதுக்கப்புறம் நடக்கறதுல ஒரு துளி மாயமந்திரம் கெடையாது. சாரப்பாம்பும் கீரியும் ஆந்தையும் போச்சு, எலி பெருகுச்சு. எலி நெல்லு மூட்டைல ஆரம்பிச்சு கார் பானெட்டுக்குள்ள போயிருச்சு, எஞ்சின் சூட்டுக்கு அங்க கதகதன்னு இருக்கும். வொயரைக் கடிச்சுது. எலிய மோப்பம் புடிச்சுட்டு நாகம் வந்துச்சு. ஒரு ராத்திரி அந்தப் புள்ள பின்கட்டுல துணி எடுக்கப் போறா, கால்ல சுருக்குன்னுது, அவன் ஓடிவந்து காரை ஸ்டார்ட் பண்றான், கிர்ர்ர்னுது, எடுக்கல.

பாத்தீங்களா, பாம்புக்கு இவன் மேல எந்தக் கோவமும் இல்ல. அட்ரஸை எழுதி வெக்கல. எலிய தேடிட்டு வந்துச்சு, அவ்ளோதான். ஆனா ஒவ்வொரு படியும் அவன் போட்ட கையெழுத்து. அம்முச்சி கேட்ட கேள்விக்கு மூணு வருசம் கழிச்சு பதில் கெடச்சுது எனக்கு.

அதனால எழுதறப்ப ஒரு சோதனை வெச்சுக்கோங்க: ஒரு சீனுக்கும் அடுத்த சீனுக்கும் நடுவுல "அதனால" போட முடியணும். "அப்புறம்" தான் போட முடியுதுன்னா அந்த சீன் சும்மா பயமுறுத்த வெச்சதுன்னு அர்த்தம், தூக்கிருங்க. எங்க மொதப் படத்துல பதினோரு சீனு, பத்து "அப்புறம்".

எந்த உசுரு வெக்கறது

யானை வேண்டாம். கதையா அது ரொம்பப் பெரிய கதை, அவுட்டுக்காய (காட்டுப்பன்னிக்கு வெக்கற வெடி) கடிச்சு வாய் கிழிஞ்ச யானை, 2021 நவம்பர்ல நவக்கரை பக்கம் ரயில்ல அடிபட்டு ஒரே நேரத்துல செத்த மூணு யானை, ஆசனூர் ரோட்ல கரும்பு லாரிய மறிச்சு நிக்கற யானைன்னு சொல்லிட்டே போலாம், ஆனா உங்களால எடுக்க முடியாது. காட்டுக்குள்ள வனத்துறை பர்மிசன் இல்லாம கேமராவோ ட்ரோனோ கொண்டு போகக்கூடாது, ஊருக்குள்ள வந்த யானைய செல்போன்ல எடுக்கப் போயி ஓடுன ஆளுங்க கதை ஊருக்கு ஒண்ணு இருக்குது. ஷாட்டுக்காக உசுர விடாதீங்க.

எனக்குப் புடிச்சது மயிலு. நம்ம பக்கம் இப்ப கோழி மாதிரி ஆயிருச்சு, காலைல தக்காளிக் காட்டுக்குள்ள இருவது நிக்குது, மக்காச்சோளம் வெதச்சா வெதைய பொறுக்குது. குள்ளநரி கொறஞ்சதுதான் காரணம்னு பெரியவங்க சொல்றாங்க. கை வெக்கவும் முடியாது, தேசியப்பறவை, 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம், முருகன் வண்டி இன்னொரு பக்கம். கையக் கட்டிப் போட்டுட்டு பாக்கச் சொல்ற எதிரி, த்ரில்லருக்கு இதை விட என்னங்க வேணும். அதோட ஒரு நெசமான பழக்கம் இருக்குது, பளபளன்னு இருக்கற காரு, கண்ணாடி கதவுல தன்னோட உருவத்தப் பாத்துட்டு வேற ஆண்மயிலுன்னு நெனச்சு கொத்தும். இதை வெச்சு நாங்க எழுதுன சீனு:

வெடியால அஞ்சரை. கேமரா தரையோட தரையா. கார் டயரு, அதுக்குப் பக்கத்துல ரெண்டு காலு, மூணு வெரலு நீட்டி, மண்ணு ஒட்டிக்கெடக்குது. டக். டக்டக். உள்ள இருந்து பொண்ணு கொரலு: "ஏனுங்க, ஆரோ கதவத் தட்டறாங்க." "மயிலு கண்ணு, காரைக் கொத்துது. தூங்கு." டக். மறுநாள் அதே நேரம், அதே டக்டக். மூணாம் நாளு சத்தம் வரல. அவ முழிச்சே படுத்திருக்கா.

அந்த மூணாவது நாளுதான் சீனு. மயிலோட முழு உருவத்த நாங்க எங்கயும் காட்டல, தோகைய காட்டுனா காலண்டர் ஆயிரும்.

சின்ன உசுருல பயம் வேணும்னா பொள்ளாச்சிப் பக்கம் போங்க. 2016ல தென்னைல வந்த சுருள் வெள்ளை ஈ. ஓலைக்கு அடில வெள்ளையா சுருள் சுருளா முட்டை, அது விடற பிசுபிசுப்பு கீழ ஓலைல விழுந்து அது மேல கரும்பூஞ்சை படிஞ்சு தோப்பே புகை புடிச்ச அடுப்பாட்டம் நிக்கும். இதுல கதைக்கான முடிச்சு எங்கன்னா, பயந்துக்கிட்டு கண்டபடி மருந்தடிச்சா அந்த ஈயத் தின்னு அழிக்கற என்கார்சியாங்கற குட்டிக் குளவியும் சேந்து செத்துரும். அதனாலதான் வேளாண் பல்கலைக்காரங்க மருந்தடிக்காதீங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க, தண்ணிய வேகமா பீச்சி அடிங்கன்னாங்க. அடிக்க அடிக்க பெருகற எதிரி! நான் பாத்த வரைக்கும் இதை ஒருத்தரும் படமா எடுக்கல, ஆச்சரியம்தான். நான் எடுக்கல, தென்னை மரம் ஏறி ஷாட்டு வெக்க எங்ககிட்ட ஆளு இல்ல.

காட்டாதீங்க, கேக்க வையுங்க

1975ல வந்த 'ஜாஸ்' படத்தை ஸ்பீல்பெர்க் எடுத்தப்ப எந்திர சுறா கடல் தண்ணில அடிக்கடி மக்கர் பண்ணுச்சு, வேற வழியில்லாம சுறாவைக் காட்டாம தண்ணி மேல மெதக்கற மஞ்ச பேரலையும் ரெண்டு நோட் இசையையும் வெச்சே ஓட்டுனாரு, அதுதான் படத்தை காப்பாத்துச்சு. அவருகிட்ட காசு இருந்தே இந்த கதி. நம்மகிட்ட எந்திரமும் இல்ல, ஆரம்பத்துலயே அந்த நல்ல எடத்துக்கு வந்து நிக்கறோம், அப்படி எடுத்துக்கோங்க. எங்க ரெண்டாவது படத்துல பாம்பே கெடையாது. பானெட்டைத் தொறந்தா உள்ள வொயருக்கு நடுவுல ஒரு பாம்புச்சட்டை, அவ்ளோதான். வசனத்துலயும் யாரும் பாம்புன்னு சொல்லல, ராத்திரில பேரு சொல்லக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க "பூச்சி"ன்னு தானே சொல்லுவாங்க, கடைசி வரைக்கும் பூச்சிதான்.

சத்தத்துக்கு ஹிட்ச்காக்கோட 'தி பேர்ட்ஸ்', 1963. வழக்கமான பின்னணி இசையே இல்ல, பறவைச் சத்தமும் எலக்ட்ரானிக் கருவில உண்டாக்குன சத்தமும்தான். பறவைங்க ஏன் அப்படி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லவும் மாட்டாங்க. இதைப் பாத்துட்டுத்தான் நாங்க கீபோர்டை ஓரமா வெச்சோம்.

நீங்க பண்ண வேண்டியது ரொம்ப சுலபம். ஷூட்டிங் எடத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருக்கா, வெடியால அஞ்சு மணிக்கு ஒருக்கா போயி செல்போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு அஞ்சு நிமிசம் சும்மா ரெக்கார்டு பண்ணுங்க, பேசாதீங்க, செருப்பு தேய்க்காதீங்க. காத்து அடிச்சா மைக் மேல பழைய சாக்ஸை மாட்டுங்க. சில்வண்டுச் சத்தம் அடில ஓடிட்டே இருக்கட்டும், பாக்கறவன் அதை மறந்தே போயிருவான், அப்ப டக்குனு கட் பண்ணுங்க. எந்த டிரம்மும் வேண்டாம், அந்த நிசப்தத்துல கொட்டாய்ல உக்காந்திருக்கறவன் தானா நிமிருவான். எங்களுக்கு ஓசில கெடச்சது திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி, பக்கத்துக் காட்ல ஆயிரம் அடிக்கு போர் போட்டுட்டு இருந்தாங்க, தண்ணி வராம வெறும் புழுதி மட்டும் பொகையா கெளம்பற அந்த சத்தம் இருக்குதே, அதை மெதுவாக்கிப் போட்டா பூமி மூச்சு வாங்கற மாதிரியே இருக்குதுங்க. எடிட்டிங்ல கேட்டப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஷூட்டிங் பத்தி கொஞ்சம்

நெசப் பாம்பைப் புடிச்சு வெச்சு எடுக்கலாம்னு ஒருத்தன் வருவான், தொரத்தி விடுங்க, சட்டமும் விடாது, பாம்பும் விடாது. படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர், கோயமுத்தூர்க்காரரு, பாம்பு, ஆடு, யானைன்னு எல்லாத்தையும் நடிக்க வெச்சாரு, அந்தக் காலம் போச்சு.

ராத்திரி சீனை ராத்திரில எடுக்காதீங்க, செல்போன் கேமரால புள்ளி புள்ளியா வரும். பொழுது எறங்குன ஒடனே ஒரு இருவது நிமிசம் வானம் நீலமா நிக்கும், அதுல எடுங்க, உள்ள ஒரு குண்டு பல்பு, தூரத்துல டிராக்டர் லைட்டு, போதும். ஒரு நாளைக்கு ரெண்டு ஷாட்டுதான் தேறும், பரவால்ல.

பாம்புக்கடி காட்டுனா தயவு செஞ்சு கத்தில கீறறது, வாயில உறிஞ்சறது, கயித்துல இறுக்கிக் கட்டறது எதையும் ஹீரோ பண்ற மாதிரி காட்டாதீங்க. அதைப் பாத்துட்டு நெசத்துல பண்றாங்க. கால ஆட்டாம வெச்சு, வெசமுறிவு ஊசி இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடறதுதான் வழி. எங்க கதைல கார் எடுக்காததுனால ஓடற அந்த ஓட்டமே கிளைமாக்ஸ் ஆயிருச்சு, பக்கத்து வீடு இருந்தாத்தானே பைக் கேக்கலாம், லேஅவுட்ல மொத வீடே இவங்களது.

அறிவுரை சீன் மட்டும் வேண்டாம். வெள்ளைத்தாடி வெச்ச ஒரு பெரியவரு வந்து "இயற்கைய அழிச்சா அது நம்மள அழிக்கும்"னு சொல்ற எடத்துல எல்லாரும் போனை எடுத்துருவாங்க. 2018ல வந்த '2.0'ல பறவைங்களுக்காக பழிவாங்க பட்சிராஜன் வர்றாரு, ஆயிரக்கணக்கான செல்போனு பறவையாட்டம் பறக்குது, அசந்து போயிட்டேன், ஆனா அவரு பேச ஆரம்பிச்சதும் படம் பாடம் ஆயிருச்சு, அதோட செல்போன் டவரால குருவி செத்துச்சுங்கறது உறுதியா நிரூபணம் ஆகாத விசயம் வேற. (பட்சிராஜன்னு பேரக் கேட்டதும் எங்கப்பா நம்மூரு பட்சிராஜா ஸ்டுடியோ கதைய ஆரம்பிச்சுட்டாரு, இண்டர்வல் வரைக்கும் 'மலைக்கள்ளன்' அங்க எடுத்த புராணம்.) நீங்க நம்பற காரணம் தப்பா இருந்தா படம் பாத்த ஒருத்தன் கூகுள் பண்ணி உங்க மொத்தக் கதையவும் கவுத்துருவான், அதனால எலி, வொயர், பாம்பு மாதிரி கண்ணுல பாத்ததை வெச்சு எழுதுங்க.

முடிவுக்கு எங்ககிட்ட ரெண்டு இருக்குது. ஒண்ணு, அந்தப் புள்ள பொழைக்கறா, ஊருக்கே போயிடறாங்க, வீட்டு வாசல்ல "விற்பனைக்கு" போர்டு, அது மேல ஒரு மயிலு. இன்னொண்ணு, மாமா அடுத்த இட்டேரிய அளக்கறாரு, டேப் புடிக்கற பையன் வேலிக்குள்ள கைய விடறான், கட். எனக்கு ரெண்டாவது. கேமராமேன் மொதல்லதுல நிக்கறான். இன்னும் சண்டை ஓடுது.

எடிட் முடிக்கறதுக்கு முன்னாடி, சினிமா பாக்காத பெரியவங்க ஒருத்தருக்கு போட்டுக் காட்டுங்க, எந்த எடத்துல சிரிக்கறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க. போன ஞாயித்துக்கெழமை தோட்டத்து சாளைல (குடிசைல) ஒக்கார வெச்சு அம்முச்சிக்கு போட்டோம். இந்தத் தடவை சிரிக்கல. பானெட் தொறக்கற எடத்துல வெத்தலை மெல்லறத நிறுத்துனத நான் பாத்தேன். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு கேட்டுச்சு: "அந்த வொயரு எலி கடிச்சதுக்கு இன்சூரன்சு குடுப்பாங்களா சாமி?"